'படிக்காத சனம்' என்று சொல்வதை நிறுத்துங்கள்

அண்மையில் ஒரு கருத்தரங்கில் ஒரு ஸ்லைட் காட்டினார்கள். தலைப்பு: 'கர்ப்பிணிப் பெண்களிடையே தடுப்பூசித் தயக்கம் - காரணங்கள்'. முதலாவது கல்வியறிவின்மை, இரண்டாவது விழிப்புணர்வின்மை, மூன்றாவது மூடநம்பிக்கை. பக்கத்தில் கொழுந்துக் கூடையோடு ஒரு தோட்டத்து அக்காவின் படம். கூகிளில் எடுத்தது. அந்த அக்கா கர்ப்பிணியும் இல்லை, தடுப்பூசி பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதாகவும் தெரியவில்லை. அவர் பாட்டுக்கு கொழுந்து பறிச்சிட்டு இருந்தார்.

கேள்வி நேரத்தில் எங்களில் ஒருத்தி எழும்பி, "இவங்க ஏற்பு ஊசிய மட்டும் ஏன் மறுக்கிறதில்ல?" என்று கேட்டாள். "நல்ல கேள்வி" என்றார்கள். தேநீர் இடைவேளை வந்துவிட்டது.

அந்தக் கேள்விக்கு இங்கே பதில் சொல்லப் பார்க்கிறோம். ஏனென்றால் அந்த ஸ்லைட்டை நாங்கள் முதல் முறையாகப் பார்க்கவில்லை. அதே மூன்று காரணங்கள், அதே கூடை, வேறு வேறு மேடைகளில். எங்களில் பாதிப்பேர் அந்தக் கூடை தூக்கியவர்களின் பிள்ளைகள். மீதிப்பேர் கண்டி டவுனிலும் அக்குறணையிலும் கம்பளையிலும் இருந்து வருகிறவர்கள். எங்கள் வீடுகளில் 2021இல் வயிற்றில் பிள்ளையோடு இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள், ஏன் பயந்தார்கள் என்று எங்களுக்கு ஓரளவு தெரியும்.

முதலில் ஏற்பு ஊசி. இலங்கையில் கர்ப்பிணிகளுக்கு அது 1969இலிருந்து போடப்படுகிறது. அம்மா போட்டார், அம்மாயி போட்டார். கிளினிக் போனால் நிறை பார்ப்பாங்க, இரத்தம் எடுப்பாங்க, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாங்க, ஊசி போடுவாங்க, திரிபோஷா பக்கெட் தருவாங்க. இதில் எதையும் யாரும் சந்தேகத்தோடு பார்த்ததில்லை. 1930களில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் செத்துப்போன நாடு இது. கொவிட் வருவதற்கு முன் அந்தக் கணக்கு நாற்பதுக்கும் கீழே வந்திருந்தது. சும்மா நடந்ததா? வீடு வீடாக, லயம் லயமாக நடந்துபோன குடும்ப நல உத்தியோகத்தர்களால் நடந்தது. எங்க பக்கத்தில் அவரை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம். பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னும் வருவார், பிறந்த பிறகும் வருவார். அவர் போடச் சொன்ன ஊசியை எங்கள் பாட்டிமார் மருந்தின் பெயர்கூடக் கேட்காமல் போட்டார்கள். பள்ளிக்கூடம் போகாத தலைமுறை அது. கல்வியறிவு குறைந்தால் ஊசியை மறுப்பார்கள் என்பது உண்மை என்றால் அவர்கள்தான் முதலில் மறுத்திருக்க வேண்டும். இப்போது கைபேசியில் வாசிக்கத் தெரிந்த, சாதாரண தரம் வரைக்கும் படித்த அவர்களின் பேத்திமார்தான் தயங்கினார்கள்.

ஆக, ஸ்லைட்டின் முதலாவது காரணம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

எங்கள் குழுவில் மூன்று பேர் கலஹா, புசல்லாவை, மடுல்கெலைப் பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது அக்காமாரிடமும் மதினிமாரிடமும் 2021 பற்றிக் கேட்டார்கள். ஆய்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். அடுப்படியில் இருந்து கேட்ட கதைகள். ஆனால் அந்த ஸ்லைட்டில் இருந்ததை விட அதில் விஷயம் இருந்தது.

ஒரு மதினி சொன்னது: "மிஸ் போடுன்னு சொல்லியிருந்தா போட்டிருப்பேன். மிஸ்ஸே 'உங்க விருப்பம்'னு சொன்னாங்க. அவங்களுக்கே தெரியலன்னா நான் என்னன்னு போடுறது?"

இன்னொரு அக்கா: "ஊசி போட்டா ரெண்டு நாள் காச்சல்னாங்க. கிளினிக் போன நாளோட சேத்து மூணு பேர் போச்சு. பேர் போனா யார் குடுப்பா?" பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கான சம்பளப் பதிவு, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. வந்த கையோடு பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள், வேலை நாளைக் குறைத்தார்கள். கிலோ குறைந்தால் அரைப் பேர். அந்தக் காலத்தில் மூன்று நாளை விடு என்று ஒரு கர்ப்பிணியிடம் சொல்வதற்கு முன் அந்த மூன்று நாளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மூன்றாவது ஆள், எங்கள் நண்பன் ஒருவனின் சின்னம்மா, சொன்னது எங்களை நிறைய நேரம் யோசிக்க வைத்தது. ஊசி போடுகிற இடத்தில் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். சிங்களத்தில் இருந்தது. என்ன எழுதியிருக்கு என்று கேட்டதற்கு, "சம்மதம்னு சைன் பண்ணுங்க" என்றார்களாம். "ஏற்பு ஊசிக்கு யாரும் சைன் கேக்கல. இதுக்கு மட்டும் ஏன் கேக்குறாங்க? புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா நீதான போட்டன்னு சொல்றதுக்குத்தான?" அவர் கையெழுத்து வைக்காமல் வந்துவிட்டார்.

இதை மூடநம்பிக்கை என்று எப்படிச் சொல்வது? தெரியாத மொழியில் உள்ள பத்திரத்தில் கையெழுத்து வைக்காதே என்பது எந்தச் சட்டத்தரணியும் சொல்லும் புத்திமதி. தமிழ் 1987இலேயே அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் அரச கரும மொழி ஆகிவிட்டது. முப்பத்து நாலு வருடம் கழித்து ஒரு கர்ப்பிணியின் சம்மதத்தைக் கேட்கிற காகிதத்தில் அந்த மொழி இல்லை. சம்மதம் என்பது விளங்கிக்கொண்ட பிறகு தருவது. விளங்காமல் வைக்கிற கையெழுத்துக்கு வேறு பெயர் இருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எங்களை வாசித்துவிட்டு, 'பாத்தீங்களா, ஊசி வேணாம்னு கம்பஸ் பிள்ளைகளே சொல்லுறாங்க' என்று யாரும் பகிர வேண்டாம். ஊசி போட்டிருக்க வேண்டும். 2021 சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு மூன்றாவது அலை வந்தபோது இலங்கையில் கர்ப்பிணித் தாய்மார் பத்துக் கணக்கில் கொவிட்டால் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் முழுமையாக ஊசி போட்டிருக்காதவர்கள். பிள்ளை வளர வளர வயிறு நுரையீரலை மேலே தள்ளும், மூச்சு எடுக்கிற இடம் குறையும், இதயத்துக்கு வேலை கூடும். அந்த நேரத்தில் நுரையீரலைத் தாக்குகிற ஒரு வைரஸ் வந்தால் மற்றவர்களை விடக் கர்ப்பிணிக்கு ஆபத்து அதிகம். இங்கிலாந்தில் 2021 ஒக்டோபரில் சொன்ன கணக்குப்படி, மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட கொவிட் நோயாளிகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் ஊசி போடாத கர்ப்பிணி. இங்கே கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் கொடுத்தது சைனோபார்ம். செயலிழக்கச் செய்த வைரஸை வைத்துச் செய்கிற பழைய முறை அது. 2021 ஜூன் மாதமே கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது ஜூலையில். அதாவது ஊசி நேரத்துக்கு வந்தது. போய்ச் சேரவேண்டிய நம்பிக்கைதான் வரவில்லை.

நம்பிக்கை ஏன் வரவில்லை என்பதற்கு 2021ஐ மட்டும் பார்த்தால் போதாது.

2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கொத்துக்குள் 'மலட்டு மாத்திரை' இருப்பதாக ஒரு கூட்டம் சண்டை பிடித்தது. காசாளரை மிரட்டி எடுத்த வீடியோ நாடு முழுக்க ஓடியது. கடை உடைந்தது, பள்ளிவாசல் உடைந்தது. அப்படி ஒருத்தரை மலடாக்குகிற மாத்திரையே உலகத்தில் இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பார்த்துவிட்டு அது மா என்றார். மாக் கட்டி! ஒரு வாரம் கழித்து திகன, தெல்தெனியவில் தீ வைத்தார்கள். அங்கே உடனடிக் காரணம் வேறு, வீதியில் நடந்த தகராறில் தாக்கப்பட்ட ஒரு லொறிச் சாரதியின் மரணம். ஆனால் கூட்டத்தின் காதில் ஏற்கெனவே ஊதப்பட்டிருந்தது அந்த மாத்திரைக் கதை. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் போட்டார்கள், பேஸ்புக்கை மூடினார்கள். எங்களில் சிலர் அப்போது கண்டியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஊரடங்கு என்றால் என்ன என்று கொவிட்டுக்கு முன்னமே படித்துவிட்டோம்.

அடுத்த வருடம், 2019 மே 23, ஒரு சிங்கள நாளிதழின் முதல் பக்கம். ஒரு முஸ்லிம் வைத்தியர் நாலாயிரம் சிங்களத் தாய்மாரை மலடாக்கிவிட்டார் என்று. பெயர் போடவில்லை, ஆனால் இரண்டு நாளில் குருநாகல் வைத்தியசாலையின் டொக்டர் ஷாபி கைதானார். சிசேரியன் செய்துகொண்ட நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு கொடுக்க வரிசையில் நின்றார்கள். அந்த ஜூனில் கண்டிக்குப் பக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் அஸ்கிரிய மகாநாயக்க தேரர் முஸ்லிம் கடைகளில் சாப்பிடாதீர்கள் என்று பேசினார். அந்தப் பேச்சில் இந்த வைத்தியரின் கதையும் நடந்த உண்மை போலவே வந்தது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. ஆனால் அது முதல் பக்கத்தில் வந்த மாதிரி யாருக்கும் போய்ச் சேரவில்லை. பல வருடத்துச் சம்பள நிலுவை கைக்கு வந்தபோது அந்த மனிசன் அதை மருந்து வாங்கச் சொல்லி சுகாதார அமைச்சுக்கே கொடுத்துவிட்டார். அது வேறு கதை.

இப்போது யோசித்துப் பாருங்கள். 'ஆஸ்பத்திரிக்குள் உன் கருப்பையில் யாரோ கை வைக்கிறார்கள்' என்ற பயத்தை ஒரு நாடு முழுக்க, பத்திரிகை போட்டு, கூட்டம் போட்டு, வீடியோ போட்டுப் பரப்பியவர்கள் யார்? படித்தவர்கள். பத்திரிகை ஆசிரியர்கள், அரசியல்வாதிகள், மதத் தலைவர்கள், சில வைத்தியர்களும் கூட. பயிற்சி நன்றாகவே நடந்தது. இரண்டு வருடம் கழித்து அதே பெண்களிடம் 'வயிற்றில பிள்ளையோட இருக்கும்போது இந்தப் புது ஊசியப் போடு' என்கிறோம். அவர்கள் பயந்தால் ஸ்லைட்டில் 'மூடநம்பிக்கை' என்று போடுகிறோம்.

தோட்டப் பக்கத்தில் இந்தப் பயத்துக்கு வதந்தியை விடப் பழைய வேர் உண்டு. 1980களில் கருத்தடை ஒபரேஷன் செய்துகொண்டால் அரசு காசு கொடுத்தது. ஏழைக்குக் காசு காட்டிக் கேட்கிற சம்மதத்தில் எவ்வளவு சம்மதம் இருக்கும்? தோட்டங்களில் நடந்த கட்டாயக் கருத்தடை பற்றி மானிடவியலாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011இல் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பே கருப்பைகளைத் திருடுவது பற்றித்தான். எங்கள் வீடுகளில் பாட்டிமார் அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இல்லை. 'லொறியில ஏத்திட்டுப் போனாங்க, வரும்போது காசும் சேலையும் குடுத்தாங்க' என்கிற கதை அடுப்படியில் இருக்கிறது. (ஒரு பக்கக் குறிப்பு: மலையகத் தமிழர் தொகை 1953இல் நூற்றுக்குப் பன்னிரண்டாக இருந்து 2012இல் நாலாகக் குறைந்ததே கருத்தடையால்தான் என்று மேடையில் பேசுகிறவர்களும் உண்டு. அதுவும் பிழை. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் லட்சக்கணக்கில் கப்பல் ஏற்றினார்கள், மிஞ்சியவர்களில் நிறையப் பேர் இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டார்கள். அநியாயத்தைச் சொல்ல அளவைக் கூட்டத் தேவையில்லை.) வடக்கிலும் நடந்தது. 2013 ஓகஸ்டில் கிளிநொச்சியில் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமத்துத் தாய்மார் கிளினிக்குக்கு வரவழைக்கப்பட்டு, சரியாக விளக்காமல் கையில் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டதாக முறையிட்டார்கள்.

இந்த ஞாபகம் உள்ள ஒரு குடும்பத்தில், 'புள்ள பெத்துக்க முடியாமப் போகும்' என்று ஒரு குரல் பதிவு வந்தால் அது விழுவது ஏற்கெனவே உழுது வைத்த மண்ணில்.

முஸ்லிம் பெண்களின் கதை இன்னும் கிட்டத்தில் நடந்தது. 2020 மார்ச் கடைசியில் நாட்டிலேயே முதலில் மூடப்பட்ட ஊர்களில் ஒன்று அக்குறணை. தொலைக்காட்சி அந்த ஊரையே நோயாகக் காட்டியது. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வந்தது, கொவிட்டில் இறந்தவர்கள் எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. இங்குள்ள நிபுணர் குழு நிலத்தடி நீர் கெடும் என்றது. அந்த டிசம்பரில் இருபது நாள் குழந்தை ஒன்றைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எரித்தார்கள். 2021 பெப்ரவரி கடைசி வரைக்கும் அந்தச் சட்டம் இருந்தது. அதற்குப் பிறகும் கண்டியில் இறந்தவரை ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய்த்தான் அடக்க வேண்டியிருந்தது. சட்டம் நீங்கி நாலு மாதம் முடியவில்லை, அதே அமைச்சு 'விஞ்ஞானத்தை நம்புங்கள்' என்று கர்ப்பிணிகளிடம் வந்தது. எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா (அவர்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், கிழவர் என்று நினைத்துவிடாதீர்கள்) அப்போது ஆறு மாதம். அவர் கேட்டது: "பொதைக்க உடாதவங்கட ஊசிய எப்பிடி நம்புற?"

இதற்கு விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரத்தில் பதில் இருக்கா?

இதற்கு நடுவில் சுகாதார அமைச்சர் ஆற்றில் முட்டி போட்டார். 2020 நவம்பரில், நோயை விரட்ட. பிறகு கேகாலையில் தம்மிக பண்டாரவின் பாணி வந்தது. தேனும் சாதிக்காயும் கலந்தது, காளி தேவி சொல்லித் தந்தது என்றார் அவர். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஊடகத்துக்கு முன்னால் குடித்தார்கள். கொரோனாவுக்கு நடுவில் அந்தக் கிராமத்தில் ஆயிரக்கணக்கில் சனம் திரண்டது. ஜனவரியில் அமைச்சருக்கே கொவிட். அவர் படிக்காதவர் என்று எந்த ஸ்லைட்டிலும் நாங்கள் பார்க்கவில்லை. அவர் சட்டத்தரணி. கூடை தூக்கிய அக்காவின் படம் இருந்த இடத்தில் முட்டி தூக்கிய அமைச்சரின் படத்தைப் போட்டிருந்தால் அந்தக் கருத்தரங்கு கொஞ்சம் நேர்மையாக இருந்திருக்கும்.

தமிழ் பேசுகிற எங்களுக்கு இன்னொரு வாசலும் திறந்திருந்தது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ஆம் திகதி சென்னையில் கோவாக்சின் போட்டார், போடச் சொல்லி மக்களிடம் பேசினார், 17ஆம் திகதி மாரடைப்பில் இறந்தார். அன்று பின்னேரமே அந்தச் செய்தி குரல் பதிவாகி மடுல்கெலை லயத்துக்கு வந்துவிட்டது. மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று இந்திய நிபுணர் குழு சொன்னது ஒக்டோபரில். ஆறு மாதம்! அந்த ஆறு மாதத்தில் எத்தனை பேர் ஐந்தாம் மாதத்திலிருந்து பிரசவம் வரைக்கும் போய்விட்டார்கள். சென்னையிலிருந்து வதந்தி தமிழில் வந்தது. கொழும்பிலிருந்து விளக்கம் சிங்களத்தில் வந்தது. எது முதலில் விளங்கும்?

மிஸ் ஏன் 'உங்க விருப்பம்' என்றார் என்ற கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. அவரை நாங்கள் குற்றம் சொல்ல மாட்டோம். அவருக்கு மேலே இருந்த முழு உலகமும் அந்த வருடம் தடுமாறிக்கொண்டுதான் இருந்தது. இங்கிலாந்து 2020 டிசம்பரில் கர்ப்பிணிகளுக்குப் போடாதே, ஊசி போட்டால் இரண்டு மாதம் கர்ப்பமாகாதே என்றது. 2021 ஏப்ரலில் போடு என்றது. முதல் பரிசோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை, அதனால் சொல்வதற்குத் தரவு இல்லை. இதற்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. 1957இலிருந்து 1961 வரை ஐரோப்பாவில் கர்ப்பிணிகளுக்குக் குமட்டலுக்குக் கொடுத்த தாலிடோமைட் மருந்தால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கை கால் குறைந்து பிறந்தார்கள். அந்தப் பயத்தில், 1977இல் அமெரிக்கா பிள்ளை பெறும் வயதுப் பெண்களையே ஆரம்பக்கட்டப் பரிசோதனைகளிலிருந்து விலக்கச் சொன்னது. காப்பாற்றுவதற்காகத்தான் விலக்கினார்கள். ஆனால் அப்படி விலக்கியதால் ஒவ்வொரு புது மருந்து வரும்போதும் கர்ப்பிணிக்கு மட்டும் பதில் இல்லாமல் போகிறது. முதலில் அவளைச் சேர்க்காமல் சோதித்துவிட்டு, பிறகு அவளிடம் போய் 'ஏன் தயங்குகிறாய்' என்பது எந்த ஊர் நியாயம்?

போதாக்குறைக்கு 2021 செப்டெம்பரில், பிள்ளை பெறுவதை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள் என்று ஒரு மகப்பேற்று நிபுணர் அரச ஊடக சந்திப்பில் கேட்டுக்கொண்டார். மருத்துவமாக அதில் நியாயம் இருக்கலாம். 'இவங்க நம்மள புள்ள பெற விடமாட்டாங்க' என்று ஏற்கெனவே பயந்துபோயிருந்த ஒரு லயத்தில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அந்த மேசையில் இருந்த யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்திலும் ஒரு வகை ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களோடும் எங்களுக்குச் சண்டை உண்டு. புத்தகம் படிக்கிறவர்கள், ஊர்வலத்தில் முன்னுக்கு நிற்கிறவர்கள். 'அது அவள் உடல், அவள் முடிவு, மருந்துக் கம்பனிகளின் அரசியல் உங்களுக்குத் தெரியாது' என்று கன்டீன் மேசையில் முடித்துவிடுவார்கள். தோழர், அவள் உடல்தான், அவள் முடிவுதான். ஆனால் பேர் போகும் என்று பயந்து, மாமியாருக்குப் பயந்து, படிவம் விளங்காமல், குரல் பதிவை மட்டும் கேட்டு எடுத்த முடிவை அவள் சுதந்திரம் என்று நீங்கள் கொண்டாடுவது உங்களுக்கு வசதி. வென்டிலேட்டரில் இருந்தது நீங்கள் இல்லை. கட்டாயக் கருத்தடைக்கு எதிராகப் பேசின அதே நியாயம்தான் இங்கேயும்: விளங்கச் சொல்லு, பிறகு கேள், அவள் சொல்வதைக் கேள். மருந்துக் கம்பனி அரசியலில் நீங்கள் சொல்வதில் பாதி சரி. கண்டியில் நிறையப் பேருக்கு முதல் ஊசியாக ஸ்புட்னிக் போட்டுவிட்டு இரண்டாவது ஊசி இல்லாமல் மாதக்கணக்கில் காக்க வைத்ததை நாங்களும் பார்த்தோம். அதற்காக ஊசியே வேண்டாம் என்று வராது.

'கொவிட் முடிஞ்சுதே, இப்ப ஏன் இது?' என்று கேட்பீர்கள். பயம் முடியவில்லை. 2023இல் பேராதனை போதனா வைத்தியசாலையில் விறைப்பு மருந்து ஏற்றிய பிறகு கர்ப்பிணித் தாய்மார் இறந்த செய்தி வந்தது. அந்த மருந்தை நிறுத்தினார்கள். அந்த ஜூலையில் அதே வைத்தியசாலையில் ஊசி ஏற்றிய பிறகு இருபத்தொரு வயதுப் பெண் இறந்தார். எங்கள் வயது. பிறகு தரமற்ற இமியூனோகுளோபியூலின் கொள்முதல் விவகாரம் வெளிவந்தது, 2024 பெப்ரவரி 2ஆம் திகதி முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல கைதானார். அப்போது கண்டி மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 2021 ஓகஸ்டில் முட்டி அமைச்சரின் இடத்துக்கு வந்து, 'ஊசி போடுங்கள்' என்று மக்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவர் இவர்தான். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது, தீர்ப்பை அங்கே சொல்லட்டும். இந்த மூன்று செய்தியையும் கேட்ட ஒரு பெண் இப்போது வயிற்றில் பிள்ளையோடு கிளினிக் பாயில் இருக்கிறாள். நாளைக்கு இன்னொரு புது ஊசி வந்தால் அவளிடம் யார் போய், என்ன முகத்தோடு பேசப்போகிறார்கள்?

எங்கள் நண்பனின் தோட்டத்தில் ஒரு விஷயம் நடந்தது. அங்கே பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிற அக்காவும் அப்போது கர்ப்பிணி. யாரும் போடத் தயாரில்லாத நேரத்தில் அவர் போய்ப் போட்டுக்கொண்டார். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தார், மூன்றாம் நாள் எழும்பி வந்தார். லயத்தில் எல்லோரும் வந்து அவர் கையைப் பார்த்தார்கள். அடுத்த கிழமை அதே லயத்திலிருந்து நாலு பேர் போனார்கள். யாரும் அவர்களுக்கு ஸ்லைட் காட்டவில்லை. அந்த அக்காவுக்கும் பேர் வெட்டினார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஊரைக் காப்பாற்றியதற்கு அவருக்குக் கிடைத்தது இரண்டு பேர் குறைந்த சம்பளச் சீட்டு.

ஆகவே எங்களுக்கு வேண்டியது இன்னொரு விழிப்புணர்வுப் போஸ்டர் இல்லை. கிளினிக் நாளுக்கும் ஊசிக்குப் பிந்திய காய்ச்சல் நாளுக்கும் கர்ப்பிணிக்கு முழுப் பேர் போடச் சொல்லிக் கேளுங்கள். தோட்டங்களுக்குத் தமிழ் பேசுகிற மிஸ்மாரை நியமிக்கச் சொல்லிக் கேளுங்கள். புது ஊசி வந்தால் முதலில் மிஸ்ஸை இருத்தி அவர் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். ஊசி போட்ட பிறகு யாருக்காவது ஏதாவது நடந்தால் மறைக்காமல், ஆறு மாதம் காக்க வைக்காமல், தமிழில் சொல்லுங்கள். மலட்டுக் கதை கட்டியவர்களை ஒரு தடவையாவது நீதிமன்றத்தில் நிறுத்துங்கள்.

கலைப்பீடத்து ஆட்களுக்கு ஒரு வேலை இருக்கிறது, அதை நாங்கள் தொடங்கிவிட்டோம். கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கத்துக் கிளினிக்குகளில் தாய்மாரிடம் கையெழுத்துக் கேட்கிற படிவங்கள் எந்த மொழியில் இருக்கின்றன என்று பார்த்து எழுதிக்கொண்டு வருகிறோம். தமிழ் இல்லாததை மொழிபெயர்க்கிறோம், தமிழ் இருந்தும் விளங்காததைத் திருப்பி எழுதுகிறோம். பிறகு அதைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கும் மொழிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்புவோம். உங்கள் அக்காவோ மதினியோ தாத்தாவோ அடுத்த முறை கிளினிக் போனால் அந்தப் படிவத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவருடைய பெயரும் விபரமும் உள்ள பக்கத்தை எடுக்க வேண்டாம். வெறும் படிவம் போதும்.